பீடியே தொடாத அம்மாவுக்கு எப்படி டாக்டர் இந்த நோய்?

போன இதழில் மூச்சு வாங்குவது பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரி பதில் எழுதினேன். அதற்கு மதுரையில் இருந்தும் சுற்றுவட்டாரத்தில் இருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன, அதனால் இந்த முறை முழுக்க நுரையீரல்தான். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

எங்கம்மாவுக்கு 58 வயசு. சோழவந்தான்ல முப்பது வருஷமா இட்லிக்கடை, விறகு அடுப்புதான். ரெண்டு மூணு வருஷமா விடாத இருமல், குடத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்குது. ஒவ்வொரு தடவையும் வீசிங்னு சொல்லி ஊசி போட்டு, ஆவி வைச்சு அனுப்பிடுவாங்க. இப்ப மதுரையில ஒரு டாக்டர் சி.ஓ.பி.டி.ன்னு எழுதிக் கொடுத்திருக்கார். நெட்ல பார்த்தா அது சிகரெட் குடிக்கிறவங்க நோய்னு இருக்கு. அம்மா வெத்தலை கூடப் போட மாட்டாங்க. சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுறாங்க. டாக்டர் தப்பாச் சொல்லிட்டாரா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தப்பாகத் தெரியவில்லை. முப்பது வருஷம் விடிகாலை மூன்று மணிக்கே அடுப்பைப் பற்ற வைத்து, ஊதுகுழலால் ஊதி, அந்தப் புகைக்கு முன்னால் குனிந்து நின்ற ஒருவருக்கு இந்த நோய் வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நுரையீரலுக்குப் பீடிப் புகை, கருவேல விறகுப் புகை என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசி இருக்கிறது, அது மூச்சுக்குழாயின் கடைசிக் கிளை வரை போய்ப் படிகிறது, அங்கே புண்ணாகிறது, ஆறுகிறது, மறுபடி புண்ணாகிறது. இப்படியே வருஷக்கணக்கில் நடந்தால் சின்னச் சின்னக் குழாய்களின் சுவர் தடித்து உள்வழி குறுகிப்போகும், சளி சுரப்பதும் கூடும்.

இது பாதிக் கதைதான். குழாய்களின் முனையில் காற்றுப்பைகள் இருக்கின்றன, ஒருவருக்கு முப்பது கோடிக்கும் மேல். ரத்தம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வது அங்கேதான். புகை அந்தப் பைகளின் சுவர்களையும் அரித்துவிடும், அப்போது நுரையீரல் துவைத்துத் துவைத்துத் தொய்ந்துபோன எலாஸ்டிக் மாதிரி ஆகிவிடும், விரியும், ஆனால் சுருங்கி வராது. உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராமல் தேங்கும். தேங்கிய காற்றுக்கு மேலே புதுக்காற்றை இழுக்க வேண்டியிருப்பதால்தான் நோயாளிகள் பலரும் "மூச்சு முட்டுது" என்கிறார்கள். குழாய்ப் பாதிப்பும் பைப் பாதிப்பும் ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறோம்.

நெட்டில் நீங்கள் படித்தது முழுக்கப் பொய்யில்லை, அது வேறு ஊர்க் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பணக்கார நாடுகளில் இந்த நோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புகைபிடிப்பதுதான் காரணம். நம்மைப் போன்ற நாடுகளில் அது 30 முதல் 40 சதவீதம்தான். மீதிப் பேருக்கு அடுப்புப் புகை, வேலை செய்கிற இடத்துத் தூசி, ஊர்க் காற்று, சின்ன வயதில் வந்த கடுமையான சளிக்காய்ச்சல், எப்போதோ வந்து போன காசநோய் என்று பல காரணங்கள், அவையும் பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும். இந்தியாவில் 1990-ல் சுமார் 2.8 கோடிப் பேருக்கு இருந்த நோய் 2016-ல் சுமார் 5.5 கோடிப் பேருக்கு என்று ஆகியிருந்தது. ஆக, அம்மாவுக்குத் துணைக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு மாதிரி பேசுகிற சொந்தக்காரர்களிடம் இதையே சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் கேஸ் இருந்தும் வெந்நீர் வைக்கவும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் விறகைத்தானே எரிக்கிறார்கள்?

ஆஸ்துமாவா இதுவா என்ற சந்தேகம் நியாயமானது. ஆஸ்துமா பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும், வரும், போகும், இடைப்பட்ட நாட்களில் ஆள் நன்றாகவே இருப்பார். இது நாற்பதுக்கு மேல் மெதுவாகத் தொடங்கி, நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல் தினமும் கொஞ்சம் இருக்கும், வருஷம் போகப்போகக் கூடும். கதை கேட்டு மட்டும் இதை முடிவு செய்யக்கூடாது. ஸ்பைரோமெட்ரி என்று ஒரு ஊதிப் பார்க்கிற டெஸ்ட் இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து ஊதச் சொல்வார்கள். மொத்தமாக ஊதிய காற்றில் முதல் ஒரு வினாடியில் 70 சதவீதத்துக்குக் கீழேதான் வந்தது என்றால் அடைப்பு நிலையாக இருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு அதைச் செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லையென்றால் முதல் வேலை அதுதான்.

அப்புறம் அந்த ஊசி. ஊசியும் ஆவியும் அன்றைக்கு மூச்சைத் திறந்துவிடும், தப்பில்லை, ஆனால் இரண்டு நாள் கழித்து அம்மா அதே அடுப்பின் முன்னால்தான் நிற்கப் போகிறார். தினமும் இழுக்கிற இன்ஹேலரும் புகையில்லாத அடுப்பும்தான் வைத்தியம். கடைக்கு வணிக சிலிண்டர் கட்டுப்படியாகாது என்பீர்கள், புரிகிறது. குறைந்தபட்சம் அடுப்பைத் திறந்த வெளிக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கூரைக்கு மேல் போகிற மாதிரி புகைக்குழாய் வையுங்கள், காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள், அடுப்படியில் அம்மா நிற்காமல் வேறு யாராவது நிற்கட்டும். அந்த வேறு யாராவதும் இருபது வயதுப் பெண்ணாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விறகடுப்பு இட்லிக்கு ருசியே தனி என்று காரில் வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் அந்த ருசிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று ஒருநாளாவது உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

நான் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், திருமங்கலம், வயது 61. 17 வயசுல பிடிச்ச பழக்கம், முதல்ல பீடி, அப்புறம் சிகரெட். பேத்தி சொல்லி மூணு மாசத்துக்கு முன்னாடி விட்டேன். விட்ட பிறகுதான் சளி அதிகமா வருது. எக்ஸ்ரே நார்மல்னு சொல்லிட்டாங்க. இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனி விட்டு என்ன ஆகப் போகுதுன்னு கூட்டாளிகள் கேட்குறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

கூட்டாளிகளை மாற்றுங்கள் என்று சொல்வேன், ஆனால் 61 வயதில் அது சிகரெட்டை விடுவதைவிடக் கஷ்டம்.

மூச்சுக்குழாய்க்குள் சளியை மேலே தள்ளிவிடுகிற மெல்லிய மயிரிழைகள் உண்டு, இத்தனை வருஷம் புகை அவற்றை முடக்கி வைத்திருந்தது. புகை நின்றதும் அவை மறுபடி வேலையைத் தொடங்குகின்றன, அதனால் சிலருக்குக் கொஞ்ச நாள் சளி கூடுதலாக வெளியேறும். ஆனால் மூன்று மாதம் ஆன பிறகும் சளி வருகிறதென்றால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது. சளியில் ரத்தம் தெரிந்தாலோ எடை குறைந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

எக்ஸ்ரே நார்மல் என்பதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆரம்பக் கட்டத்தில் இந்த நோய் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே காசநோய், கட்டி, நிமோனியா இல்லையென்று பார்க்க வேண்டியதுதான், அடைப்பை அளப்பது ஊதுகிற டெஸ்ட்தான்.

இனி விட்டு என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. இருபத்தைந்து முப்பது வயதுக்குப் பிறகு எல்லாருக்குமே ஒரு வினாடியில் ஊதுகிற காற்றின் அளவு வருஷத்துக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி குறையும். புகை ஒத்துக்கொள்ளாத நுரையீரல் உள்ள ஒருவர் தொடர்ந்து குடித்தால் அது 60 மில்லி அளவுக்குக்கூடப் போகும். நிறுத்திவிட்டால், போனது திரும்பி வராது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் குறைகிற வேகம் புகைக்காதவர்களின் வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால் 45-ல் விட்டவருக்கு லாபம் அதிகம், 61-ல் விட்டவருக்கும் லாபம் உண்டு. இந்த நோயின் போக்கையே மாற்றுகிற காரியங்களில் முதலில் நிற்பது இதுதான்.

பீடி இலைதானே, சிகரெட்டை விடக் கெடுதல் குறைவு என்று நம்புகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பீடியில் வடிகட்டி கிடையாது, அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்கவும் வேண்டும். கெடுதலில் அது சிகரெட்டுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. விட முடியாமல் தவிக்கிறவர்கள் 1800-11-2356 என்ற அரசு இலவச எண்ணுக்குப் பேசலாம்.

இன்ஹேலர் போட்டா பழகிடும், அப்புறம் விடவே முடியாதுன்னு சொல்றாங்களே? மாத்திரையே குடுத்துடக் கூடாதா? (உசிலம்பட்டி)

இந்த ஒரு கேள்விக்கே தனி இதழ் போடலாம். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தினமும் போடுகிறவரிடம் பழகிடுமா என்று யாரும் கேட்பதில்லை, வாயில் வைத்து இழுக்கிற சாமான் என்றதும் பயம் வந்துவிடுகிறது. இன்ஹேலரில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில், நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரையோ ரத்தம் வழியாக உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வர வேண்டும், அதனால் அளவும் கூட, பக்கவிளைவும் கூட. தினம் போடுகிற இன்ஹேலருக்குப் பயந்துகொண்டு, வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் வாங்கிக்கொள்கிறவர்கள்தான் கடைசியில் சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து, கண்புரையோடு வருகிறார்கள். தினமும் தேவைப்படுவது நோய் தினமும் இருப்பதால்தான்.

ஆனால் ஒன்று, இழுக்கிற முறை சரியில்லையென்றால் எத்தனை விலை உயர்ந்த மருந்தும் தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். நோயாளியை என் எதிரில் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். அழுத்தினால் பீய்ச்சுகிற பஃப் வகையென்றால்: குலுக்குங்கள், மூச்சை நன்றாக வெளியே விடுங்கள், வாயில் வைத்து அழுத்தியபடியே மெதுவாக, ஆழமாக இழுங்கள், பத்து வினாடி அடக்குங்கள், அடுத்த பஃப்புக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள். அழுத்துவதும் இழுப்பதும் சேர்ந்து வரவில்லையென்றால் ஸ்பேசர் என்ற குடுவையை மாட்டிக்கொள்ளலாம், வயதானவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கிற பொடி வகைக்கு இது நேர் எதிர், சட்டென்று வேகமாக இழுத்தால்தான் பொடி உள்ளே போகும். கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள், யாரும் சொல்லிக்கொடுக்காததுதான் காரணம். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும்.

அப்பா மேலூர்ப் பக்கம் கல்குவாரியில 20 வருஷம் வேலை பார்த்தவர். பத்து வருஷத்துக்கு முன்னாடி டி.பி. வந்து ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாச்சு. இப்ப மறுபடி இருமல், மூச்சு வாங்குது. டி.பி. திரும்பி வந்துடுச்சா, இல்ல நீங்க சொல்ற நோயா?

மூன்று சாத்தியம் இருக்கிறது, மூன்றையும் பார்க்க வேண்டும். டி.பி. திரும்பியிருக்கலாம், அதனால் முதலில் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை, இலவசம்தான். டி.பி. குணமானாலும் நுரையீரலில் தழும்பையும் சிதைந்த குழாய்களையும் விட்டுவிட்டுப் போகும், அதனாலேயே நிரந்தர அடைப்பு வரலாம். மூன்றாவது, கல்லை உடைக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கிற சிலிக்கா தூசி. அது சிலிக்கோசிஸ் என்ற தனி நோயைத் தரும், சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டி.பி. வருகிற வாய்ப்பும் அதிகம், அதே தூசி சி.ஓ.பி.டி.யையும் கொண்டுவரும். எந்தக் குவாரியில், எத்தனை வருஷம், என்ன வேலை என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள், சீட்டில் எழுதச் சொல்லுங்கள், பின்னால் இழப்பீடு கேட்பதற்கும் அந்தப் பதிவு வேண்டும். பஞ்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கும் இதே புத்திமதிதான்.

இன்னும் குவாரியில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர்கள் முகத்தில் கட்டுகிற துண்டு, கண்ணில் தெரிகிற தூசியைத்தான் தடுக்கும், நுரையீரலுக்குள் போகிற தூசியைத் தடுக்காது. தண்ணீர் விட்டுத் துளை போடுவதும் சரியான முகக்கவசமும் முதலாளி செய்து தர வேண்டிய காரியம். கூலிக்காரரின் கவனக்குறைவு என்று அதைப் பேசுவது எனக்கு எப்போதும் எரிச்சலாக இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு 66 வயசு. வருஷா வருஷம் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் போய் நின்னு அழகரைப் பார்த்துட்டு வர்ற மனுஷன். இப்ப தெருமுனை வரைக்கும் கூட வர மாட்டேங்கிறார். கல்யாணம் காதுகுத்து எதுக்கும் வர்றதில்லை. எடுத்ததுக்கெல்லாம் கோபம். உடம்பு பாதியா இளைச்சுட்டார். டாக்டர்கிட்ட கேட்டா மருந்து கரெக்டா போடுறாரான்னு மட்டும் கேட்குறாங்க.

உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். இந்த நோய் நுரையீரலோடு நிற்பதில்லை, அதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

நடந்தால் மூச்சு வாங்குகிறது, அதனால் நடப்பதைக் குறைக்கிறார். நடக்காமல் இருந்தால் தொடைத் தசை வற்றுகிறது. வற்றிய தசைக்குக் கொஞ்சம் நடந்தாலே அதிக ஆக்சிஜன் வேண்டும், அதனால் முன்னைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, பயம் வந்துவிடுகிறது, அப்புறம் திண்ணையை விட்டு இறங்குவதே இல்லை. எடை குறைவதற்கும் காரணம் இருக்கிறது, மூச்சு விடுவதற்கே உடம்பு நிறையச் சக்தியைச் செலவழிக்கிறது, வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டுகிறது என்று சாப்பாட்டையும் குறைத்துவிடுகிறார். பொது இடத்தில் நாலு பேர் முன்னால் இருமி, சளி துப்பி, பாதிப் பேச்சில் நின்று மூச்சு வாங்குவது ஒரு ஆம்பிளைக்கு எவ்வளவு கூச்சம் என்று நினைத்துப் பாருங்கள். கோபம் என்று நீங்கள் சொல்வதில் பாதி மனச்சோர்வாக இருக்கலாம், இந்த நோயில் அது சகஜம், அதற்கும் வைத்தியம் உண்டு.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, வாரம் இரண்டு மூன்று நாள் வீதம் ஆறு முதல் எட்டு வாரம், நடை, கை கால்களுக்குப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. நுரையீரலின் அளவை அது மாற்றாது, ஆனால் மூச்சிரைப்பைக் குறைத்து நடக்கிற தூரத்தைக் கூட்டுவதில் மருந்துக்குச் சளைத்ததில்லை. பிசியோதெரபி இருக்கிற மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். அது வரை வீட்டிலேயே தொடங்கலாம்: டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன், மூச்சு வாங்குகிற வரை நடை, நின்று ஆசுவாசம், மறுபடி நடை. மூச்சு வாங்குவதே ஆபத்தில்லை என்பது அவருக்குப் புரிந்தாலே பாதிப் பயம் போகும். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை விடுவதைப் பழக்குங்கள், தேங்கிய காற்று வெளியேற அது உதவும். உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல் போடுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்துக் கொடுங்கள், முட்டை, பயறு, மீன் சேருங்கள். ஃப்ளூ தடுப்பூசி வருஷம் ஒருமுறை, நிமோனியா தடுப்பூசி டாக்டர் சொல்கிற கணக்கில். கால் வீங்கினால் உடனே காட்டுங்கள், நுரையீரலின் பாரம் இதயத்துக்கு ஏறுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

எதிர்சேவைக் கூட்டத்துக்குள் அவரை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அழகர் வருகிற வழியில் மண்டகப்படிகளுக்கா பஞ்சம், கூட்டம் குறைந்த ஒன்றாகப் பார்த்து ஒரு நாற்காலி போட்டுக் கூட்டிப் போங்கள், பையில் பஃப் இருக்கட்டும்.

ஆடாதோடை, தூதுவளை சாப்பிட்டால் குணமாகுமா? (வாடிப்பட்டி)

சளி இளகும், நுரையீரல் பழையபடி ஆகாது. ஆடாதோடையைக் கேலி செய்கிற ஆள் நானில்லை, அதில் உள்ள வாசிசின் என்ற சரக்கை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்தே வந்தது. கஷாயம் குடியுங்கள், இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். "வேரோடு அறுத்துவிடுவோம்" என்று பெயரில்லாத பொடி விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மாமனாருக்கு ஆக்சிமீட்டரில் 91 காட்டுகிறது. ஆக்சிஜன் மெஷின் வாங்கிவிடலாமா? (வில்லாபுரம்)

வேண்டாம். கொரோனா காலத்தில் 94 என்ற எண் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது, இவர்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. நோய் அடங்கியிருக்கிற நாளில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 88-க்கு மேல் போகவில்லையென்றால்தான் வீட்டு ஆக்சிஜன் பற்றிப் பேசுவோம், அதையும் ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு. அப்படி வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது வைக்க வேண்டும், மூச்சு வாங்கும்போது பத்து நிமிடம் வைத்து எடுப்பதில் பலனில்லை. எண் 88-க்கும் 92-க்கும் நடுவில் நின்றால் போதும், தாராளமாகத் திறந்துவிட்டால் சிலருக்குக் கரியமிலவாயு ஏறி மயக்கம் வரை போகும். ஆக்சிஜன் ஓடுகிற அறையில் பீடி, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

மூச்சிரைப்பு திடீரெனக் கூடினாலோ, சளி மஞ்சள் பச்சையாக மாறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, குழப்பமாகப் பேசுகிறார், தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் 108.

ஊதுகிற டெஸ்ட்டை மதுரையில் எங்கே எடுக்கலாம்? வெறும் வயிற்றில் போகணுமா?

அரசு இராசாசி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது, தோப்பூரில் தனி அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையே இருக்கிறது, இரண்டில் ஒன்றில் கேளுங்கள். தனியாரிலும் நெஞ்சு டாக்டர்கள் பலரிடம் உண்டு. வெறும் வயிறு வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். அன்று காலையில் இன்ஹேலர் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கை கிளிப்பால் மூடி, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சாக ஆறு வினாடியாவது ஊதச் சொல்வார்கள், குறைந்தது மூன்று தடவை. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கண்ணிலோ வயிற்றிலோ ஆபரேஷன் ஆனவர்கள், சளியில் ரத்தம் வருகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மதுரையில் கண்புரை ஆபரேஷன் செய்யாத பெரியவர்களைத் தேடத்தான் வேண்டும், அதனால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். பல்செட் ஆடாமல் இருந்தால் கழற்ற வேண்டாம். ரிப்போர்ட்டை மறக்காமல் கையில் வாங்கிப் பழைய எக்ஸ்ரேக்களோடு வையுங்கள், அடுத்த வருஷம் ஊதும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.